லாக்ஸ்டன்: வயல் வகுத்துக் கொடுத்த ஊர்

ஒரு சின்ன ஆங்கிலேயக் கிராமம் எப்படி வளர்ந்தது, கோட்டையையும் தேவாலயத்தையும் சுற்றித்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலாக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். அவற்றில் வயலைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வயலை விட்டுவிட்டால் அந்த ஊர்களின் அமைப்பே புரியாது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷர் மாவட்டத்தில் உள்ள லாக்ஸ்டனை எடுத்துக்கொள்வோம். 1086ஆம் ஆண்டில் மன்னர் எடுத்த டோம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பிலேயே இடம்பெற்ற ஊர். நார்மானியர் எழுப்பிய மண்மேட்டுக் கோட்டை வடக்கே இருக்கிறது. அரச வேட்டைக்காடான ஷெர்வுட் காட்டின் நிர்வாகம் ஒரு காலத்தில் இங்கிருந்துதான் நடந்தது. கோட்டையின் செல்வாக்கு எப்போதோ போய்விட்டது. ஊரைக் கட்டிக் காத்தது மூன்று வயல்கள்: மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல். நான்காவதாக இருந்த கிழக்கு வயல் பின்னாளில் வேலி போட்டுப் பிரிக்கப்பட்டது.

ஒவ்வொரு வயலும் நீளப் பட்டைகளாகப் பிரிந்திருக்கும். நடுவே வேலி கிடையாது, நம்மூர் போல வரப்பும் கிடையாது. ஒருவருடைய பட்டைகள் மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும். ஒரு வயலில் இலையுதிர் காலத்தில் கோதுமை, அடுத்ததில் வசந்தகால விதைப்பு, மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு சுழற்சி நகரும். நிலம் ஒரே இடத்தில் இல்லாததால் வயலுக்குள் வீடு கட்டிப் பயனில்லை. எல்லாருக்கும் நடுவாக இருப்பது ஊர்த் தெருதான். லாக்ஸ்டனின் பண்ணை வீடுகள் தெருவை ஒட்டி, பக்கச் சுவரைத் தெருவுக்குக் காட்டி, பின்னால் நீளக் கொல்லையோடு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்த வரைபடத்தில் ஊரின் பட்டைகள் ஒவ்வொன்றும் இருக்கின்றன. அதோடு இன்றைய ஊரை ஒப்பிட்டால் தெருக்கள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டைகளை இணைத்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள்; முறை மட்டும் மாறவில்லை.

"பொது ஏற்பாடு என்றால் ஆளாளுக்குச் சுரண்டிப் பாழாக்கிவிடுவார்கள்" என்று பொருளாதாரம் பேசுபவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சுரண்டல் வராது என்று நான் சொல்லவில்லை. வேலி இல்லாத நிலத்தில் கலப்பை ஒரு சால் தள்ளிப் போனாலே பக்கத்துக்காரர் நிலம் குறையும். பாதையை உழுதுவிட்டால் உள்ளே இருப்பவர் வண்டி கொண்டுபோக முடியாது. இதைத் தடுக்கத்தான் கோர்ட் லீட் என்ற ஊர் நீதிமன்றம். நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில், அதன் ஜூரிகள் கோதுமை விதைத்த வயலுக்குள் நடந்து போவார்கள். பட்டையின் எல்லையைப் பார்த்து, குறி மறைந்த இடத்தில் மர முளையைச் சம்மட்டியால் அறைந்து இறக்குவார்கள். பாதையிலோ, 'சைக்' எனப்படும் உழக்கூடாத புல்தரையிலோ யாராவது ஏறி உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கும். தொகை சிறியதுதான், ஆனால் ஊரார் முன்னால் பெயர் வாசிக்கப்படும். இன்றும் நடக்கிறது.

லாக்ஸ்டன் விதிவிலக்கு, அதை வைத்துப் பொதுவாகப் பேசலாமா என்று யாராவது வருவார்கள். இன்று விதிவிலக்குதான். 500 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில் இதுதான் வழக்கம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் மூலம் ஊர் ஊராகப் பட்டைகளை ஒன்றுசேர்த்து வேலி அடைத்தார்கள். பெரிய நிலக்காரர்களுக்கு லாபம். மேய்ச்சல் உரிமையை மட்டும் நம்பியிருந்த ஏழைகள் அதை இழந்தார்கள். லாக்ஸ்டனில் அந்த வேலை முழுதாக முடியவில்லை. 1952இல் நில உரிமையாளரான மேன்வர்ஸ் பிரபு ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கும், 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் நிலச்சொத்துக்கும் கைமாறியது.

நீங்கள் வேறொரு மிட்லண்ட்ஸ் கிராமத்தை ஆராய்வதானால், பண்ணை வீடுகள் எங்கே நிற்கின்றன என்று முதலில் பாருங்கள். ஊருக்கு வெளியே வயல் நடுவில் தனித்தனிச் செங்கல் வீடுகள், இருபுறமும் அகலப் புல்லோரம் விட்ட நேர்க்கோட்டுச் சாலைகள், கோடு போட்டது போன்ற முட்செடி வேலிகள் இருந்தால் அங்கே வேலியடைப்பு நடந்திருக்கும் வாய்ப்பு அதிகம். பக்கத்துப் புல்வெளியில் தலைகீழ் எஸ் வடிவில் மேடும் பள்ளமும் தெரிந்தால், அவை மாட்டு ஏர் திரும்ப வளைத்து ஓட்டிய பழைய பட்டைகள்.