எடை குறைக்க டாக்டரிடம் எப்போது போகணும்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (காரிமங்கலம், 38 வயது): உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. குண்டா இருக்கிறதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியான்னு வீட்ல கேக்கறாங்க மேடம். போகலாமா?

பதில்: கண்டிப்பாகப் போங்கம்மா. 74-ஐ 1.55-ஆல் இரண்டு தரம் வகுத்தால் 30.8. அதுதான் உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு. இந்தியர்களுக்கு 23 தாண்டினால் அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன். கூடவே வயிற்றையும் அளந்து பாருங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது, குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, இதய நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது.

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதும். பி.பி. பார்க்கும்போது கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கட்டச் சொல்லுங்கள். சின்னப் பட்டை கட்டினால், இல்லாத பி.பி.யை இருப்பதாகக் காட்டும், தேவையில்லாத மாத்திரை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. 2021 ஆகஸ்டில் நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால் பி.பி., சர்க்கரை இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பாலக்கோடு): சோறை விட்டுட்டு மூணு வேளையும் ராகிக் களிதான். எடை குறையவே இல்லையே?

பதில்: 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி. அரிசியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ராகியில் நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல் என்பது உண்மை, ஆனால் உருண்டை பெரிதானால் கணக்கும் ஏறும். உருண்டையைப் பாதியாக்கி, கொள்ளுப் பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (ஓசூர், நைட் ஷிப்ட்): பைக் ஓட்டும்போதே கண்ணு சொக்குது. குறட்டை வேற. எடைதான் காரணமா சார்?

பதில்: நான் மேடம், பரவாயில்லை தம்பி. ஷிப்ட் தூக்கக் குறைவும் காரணமாகலாம். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ. தாண்டியிருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயோ என்ற சந்தேகம் வலுக்கும். எடை குறையட்டும் என்று காத்திருக்காமல் தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள்.

கேள்வி (பென்னாகரம்): 17 வயசுப் பொண்ணு. எடை ஏறுது, மாதவிலக்கு தள்ளிப்போகுது. பின்கழுத்துல கருப்பு, எலுமிச்சை தேய்ச்சும் போகல.

பதில்: அது அழுக்கு இல்லைங்க, தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் அப்படித் தடித்துக் கறுக்கும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்க்கணும். தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. பெண்ணைத் திட்டாதீர்கள். திட்டினால் ஒளித்துச் சாப்பிடும் பழக்கம்தான் வரும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): வாரம் ஒரு ஊசி போட்டா எடை இறங்குதாமே, மெடிக்கல்ல வாங்கிக்கலாமா?

பதில்: சீட்டு இல்லாமல் வேண்டவே வேண்டாம். அப்படி வாரம் ஒரு முறை போடும் ஊசியான செமாகுளுடைடு, 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு தரம் படிப்படியாகக் கூட்டும் மருந்து. அவசரப்பட்டுக் கூட்டினால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே நிறுத்தணும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் போடவே கூடாது. கிளிமெபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது.

கேள்வி (அரூர்): டாக்டரைப் பார்க்க என்ன எடுத்துட்டுப் போகணும்?

பதில்: சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாம். ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், வலிப்பு மாத்திரையில் வால்புரோயேட், இன்சுலின் இவையே எடையை ஏற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மெலிய வைக்கும் பொடி ஏதாவது வாங்கிக் குடித்திருந்தால் அந்த டப்பாவும் பையில் இருக்கட்டும்.