உறைந்த ஆற்றில் ஒரு தீவு: வாசகர் கேள்வி–பதில்

கே: 1969-ல் சோவியத்தும் சீனாவும் அடித்துக்கொண்ட உசூரி ஆற்றுத் தீவில் ஊரே கிடையாதாமே. அப்புறம் எதற்காகச் சண்டை?

ப: பரப்பு 0.74 சதுர கி.மீ. பெருவெள்ளம் வந்தால் தீவே கண்ணுக்குத் தெரியாது. ரஷ்யர்கள் தமான்ஸ்கி என்பார்கள், சீனர்களுக்கு ஜென்பாவ். வழக்கின் வேர் 1860-ஆம் ஆண்டு ரஷ்யாவும் சீனாவும் செய்துகொண்ட பீக்கிங் உடன்படிக்கை. உசூரிதான் எல்லை என்று அது சொல்லிவிட்டது. ஆற்றில் எந்த இடம் எல்லை? கூடவே வந்த வரைபடம் மிகச் சிறிய அளவுகோலில் வரையப்பட்டது. கோட்டின் பருமனுக்குள்ளேயே தீவுகள் அடங்கிப்போகும். கோடு சீனக் கரையை ஒட்டிப் போகிறது, ஆகவே தீவுகள் எல்லாம் எங்களுடையவை என்றது மாஸ்கோ. படகு ஓடும் ஆற்றில் முதன்மை நீரோட்டத்தின் நடுவே எல்லை போவதுதான் முறை என்றது பெய்ஜிங். முதன்மை ஓட்டம் தீவுக்குக் கிழக்கே, சோவியத் பக்கமாகப் போகிறது. என் கணிப்பில் சீன வாதமே வலுவானது; அதற்காக மார்ச் 2 அன்று சீனர்கள் பதுங்கியிருந்து சுட்டதை நியாயம் என்று சொல்லமாட்டேன். அன்று மட்டும் சோவியத் எல்லைக் காவலர் 31 பேர் இறந்தார்கள்.

கே: பனிக்கட்டிமேல் டாங்கி போக முடியுமா? அங்கே ஒன்று மூழ்கியதாகப் படித்தேன்.

ப: போகும். அங்கே வந்த சோவியத் டாங்கியான டி-62 சுமார் 37 டன். பனிக்கட்டியின் தாங்குதிறன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது: தடிமன் பாதியானால் தாங்கும் எடை கால்வாசிதான். ஓடும் வண்டியைவிட நெடுநேரம் நிற்கும் வண்டிக்கே ஆபத்து அதிகம். பனி மெல்ல வளைந்து, விரிசல் விட்டு, நீர் மேலேறும். மார்ச் 15 அன்று தீவுக்கும் சீனக் கரைக்கும் நடுவே சுற்றி வளைக்கப் போன டி-62களில் முன்னே சென்றது அடிபட்டு அங்கேயே நின்றுவிட்டது. அதிலிருந்த கர்னல் லியோனோவ் இறந்தார். அதன் 115 மி.மீ. உள்வரியில்லாப் பீரங்கி (குழாயின் உட்புறம் திருகு வரிகள் இல்லாமல் வழவழப்பாக இருக்கும்) எதிரி கைக்குப் போகக்கூடாதே என்று சோவியத் படை அந்த இடத்தைக் குண்டுகளால் அடித்தது. பனி உடைந்து டாங்கி மூழ்கியதுதான் மிச்சம். சீனர்கள் நீருக்குள்ளிருந்தே அதை வெளியே எடுத்தார்கள். 545 என்ற எண்ணோடு பெய்ஜிங் ராணுவ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

கே: தீவு இப்போது யாரிடம்?

ப: சீனாவிடம். 1969 செப்டம்பர் 11 அன்று சோவியத் பிரதமர் கோசிகினும் சீனப் பிரதமர் சூ என்லாயும் பெய்ஜிங் விமான நிலையத்தில் பேசியதில் பதற்றம் தணிந்தது. எல்லை ஒப்பந்தம் 1991 மே மாதம்தான் கையெழுத்தானது. அதன் அடிப்படை, முதன்மை நீரோட்டத்தின் நடுக்கோடு.