30 கவுண்ட் வரை வைத்திருக்கலாமா?

வேதாரண்யம் நண்பருக்கு, குளத்தில் வனாமி இறால் 50 கவுண்ட்டில் (கிலோவுக்கு 50 இறால்) நிற்கிறது, 30 வரை வளர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் மொத்தத்தையும் வைத்திருக்க மாட்டேன். பெரிய இறாலுக்கு நம் முக்கியச் சந்தை அமெரிக்கா. 2025 ஆகஸ்ட்டில் அங்கே இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் கூடுதல் வரி, இறாலில் நமக்குப் போட்டியான ஈக்வடாருக்கோ 15தான். அந்த வரி எப்போது ஏறும், இறங்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பாதியைப் பிடித்துத் தீவனக் கடனை அடையுங்கள். நெருக்கம் குறைந்தால் மீதி நன்றாகத் தேறும். அப்புறம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வலை போடாதீர்கள். அந்த நாட்களில் இறால் தன் மேலோட்டைக் கழற்றும், கழற்றிய இறால் மெத்தென்று இருக்கும். வியாபாரி ஒன்றை அழுத்திப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார். முந்தின நாளே வீச்சுவலை போட்டு, நாலைந்தை நீங்களே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.