குழந்தைகள் ஐசியூவில் மருந்துக்கு அடங்காத கிருமி: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேள்விகள்

கேள்வி (வார்டு நர்ஸ், டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதி): ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகளின் ரத்தத்தில் கார்பபெனெமுக்கு (கடுமையான தொற்றுக்குக் கொடுக்கும் வலுவான ஆன்டிபயாடிக்) அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, சிஸ்டர். மூன்றாவது வந்தால் பார்க்கலாம் என்கிறார்கள்.

பதில்: காத்திருக்கவே கூடாதும்மா. இந்தக் கிருமி ஒரு குழந்தைக்கு வந்தாலே தொற்றுத் தடுப்புக் குழுவுக்குச் சொல்லியாக வேண்டும். இருவரையும் ஒரே பக்கம் ஒதுக்கி, அவர்களை மட்டும் பார்க்க ஒரு நர்ஸைப் போடுங்கள். ஸ்டெதஸ்கோப், தெர்மாமீட்டர் தனித்தனி. மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் மலக்குடல் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுங்கள். ரத்தத்தில் தெரிவதைவிடக் குடலில் ஒளிந்திருப்பதே அதிகம்.

அடுத்து, இருவருக்கும் பொதுவாக என்ன போனது என்று தேடுங்கள். 2005-ல் டர்பனில் 20-க்கும் மேற்பட்ட சிசுக்களைப் பறிகொடுத்தோமே, அந்தக் கிளெப்சியெல்லா பரவலில் சந்தேகம் விழுந்தது, பல குழந்தைகளுக்குப் பகிர்ந்து ஏற்றிய நரம்புவழி மருந்துகள்மேல். சலைனோ (உப்பு நீர்) டெக்ஸ்ட்ரோஸோ (சர்க்கரை நீர்) ஹெப்பரினோ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), ஒரே பையில் மறுபடி மறுபடி ஊசி குத்தினால் ஒருமுறை நுழைந்த கிருமி எல்லோருக்கும் போகும். ஒரு குழந்தைக்கு ஒரு சிறு ஆம்பூல் (ஒருமுறை உடைத்துப் பயன்படுத்தும் மருந்துக் குப்பி), மீதி குப்பைக்கு. செலவு என்று முணுமுணுப்பார்கள், விடாதீர்கள்.

கேள்வி: ஸ்வாபில் கிருமி உண்டு, குழந்தை நலம். கொலிஸ்டின் (மற்ற மருந்துக்கு அடங்காத கிருமிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்) தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். குடலில் குடியேறிய கிருமியை அது விரட்டாது, அந்தக் கிருமியைக் கொலிஸ்டினுக்கும் அடங்காததாக்கிவிடும். ஒதுக்கி வைத்துக் கவனியுங்கள்.

கேள்வி (துப்புரவு மேற்பார்வையாளர், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி): கிருமி நீக்க ஜிக் (குளோரின் பிளீச்) எவ்வளவு கலக்கணும் அக்கா?

பதில்: 3.5 சதவீத ஜிக் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. ஏறக்குறைய 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குளோரின் வரும். தினமும் புதிதாகக் கலக்கணும். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைக்கணும், இல்லாவிட்டால் குளோரின் அழுக்கிலேயே தீர்ந்துபோகும். குழந்தை உள்ளே இருக்கும்போது இன்குபேட்டருக்குள் ஜிக்கும் கூடாது, ஸ்பிரிட்டும் கூடாது. ஆவி மூச்சுக்கு ஆகாது. ஸ்பிரிட் பட்டுப்பட்டு அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு விழும், கிருமி அதில் தங்கும். குழந்தையை வேறிடம் மாற்றிய பிறகு இன்குபேட்டரை முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்: மெத்தை, கைத்துளை ரப்பர், தண்ணீர்த் தொட்டி. உறை கிழிந்த மெத்தையை எறிந்துவிடுங்கள்.

கேள்வி: மருந்து கலக்கும் மேசை சின்க் பக்கத்திலேயே இருக்கிறது.

பதில்: 1 மீட்டருக்கு அப்பால் தள்ளுங்கள். வடிகுழாயில் படிந்த கிருமி தண்ணீரோடு தெறிக்கும். மீதிப் பாலையும் சலைனையும் அங்கே கொட்டினால் அதற்குத் தீனிதான்.

கேள்வி (ஒரு தாய்): கிருமி இருப்பதால் பிள்ளையை மார்போடு அணைக்கக் கூடாதா, சிஸ்டர்?

பதில்: அணைக்கலாம் அம்மா. டாக்டர் குழந்தையின் நிலையைப் பார்த்துச் சரி என்றதும் தொடங்குங்கள். தாயின் தோலும் தாய்ப்பாலும் தொற்றைக் குறைக்கும். வளையல், மோதிரம், தாயத்துக் கயிறு கழற்றி முழங்கை வரை கழுவுங்கள். போனைத் தொட்டால் மறுபடி கையில் சானிடைசர் தேய்க்கணும், 20 முதல் 30 வினாடி. பக்கத்துத் தொட்டில் குழந்தை அழுதாலும் நீங்கள் தொடாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.