பல்லி பயத்துக்குப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை உண்மையிலேயே பலன் தருமா?

பல்லியைக் கண்டாலே உடல் நடுங்குகிறது, இரவில் சமையலறைக்குள் போக முடியவில்லை, தசைத் தளர்வுப் பயிற்சியோடு சேர்த்துப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இதற்குப் பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே பயத்தோடு வாழ்ந்து, இதே சிகிச்சையால் மீண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டுச் சமையலறையில் விளக்குப் போடுவது என் கணவரின் வேலையாக இருந்தது. அவர் உள்ளே போய், டியூப்லைட்டின் பின்புறம், பரணின் விளிம்பு, சிலிண்டரின் மறைவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, வா" என்று சொன்ன பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். பல்லி மேலே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கும் ஊரில், பல்லிக்கு நடுங்குகிறவளுக்குச் சிகிச்சை தேவைப்படலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே நான் பல ஆண்டுகள் உதவி கேட்காமல் இருந்தேன். நீங்கள் அப்படிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

நான் சென்று பார்த்த மருத்துவ உளவியலாளர் முதல் நாளில் விளக்கியது இதைத்தான்: பல்லியைக் கண்டு ஓடும் ஒவ்வொரு முறையும் பயம் சட்டென்று தணிகிறது; ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது; ஓடாமல் நின்றிருந்தாலும் ஒன்றும் நேர்ந்திருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. என் கணவர் அன்போடு செய்துவந்த சோதனையும் அந்தப் பயத்துக்கே தீனி போட்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த முறை புதியதல்ல. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் தனக்குப் பிடித்த உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைச் சிறிது சிறிதாக அவனருகே கொண்டுவந்து, கடைசியில் அவனே அதைத் தொட்டு விளையாடும் நிலைக்குக் கொண்டுவந்ததைப் பதிவு செய்திருக்கிறார். தென்னாப்பிரிக்க மனநல மருத்துவரான ஜோசப் வோல்ப், எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கியிருந்த தசைத் தளர்வு முறையைச் சுருக்கி இதனுடன் இணைத்து, 1958-இல் வெளியான தம் நூலில் ஒரு முழுமையான சிகிச்சையாக விளக்கினார். தளர்ந்த உடலில் பயம் அதே வேகத்தில் எழ முடியாது என்பது அவர் கருத்து.

தளர்வுப் பயிற்சியை முதலில் இரண்டு வாரம் வீட்டில் செய்தேன். வலக்கையை இறுக மூடி ஐந்தாறு விநாடி வைத்திருந்து, பிறகு முழுவதுமாக விட்டுவிட்டு, விரல்களில் வெதுவெதுப்பு பரவுவதைக் கவனிக்க வேண்டும். அதன்பின் முன்கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, கால் என்று வரிசையாகச் செய்ய வேண்டும். நாள் முழுவதும் என் தாடையை இறுக்கியே வைத்திருந்தேன் என்பதை இந்தப் பயிற்சியில்தான் கண்டுகொண்டேன்.

பிறகு பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் கொடுத்து ஒரு ஏணி தயாரித்தோம். "பல்லி" என்ற சொல்லைத் தாளில் எழுதுவது எனக்கு 10, கோட்டோவியம் 20, புகைப்படம் 35, காணொளி 50, ரப்பர் பொம்மை 60, எதிர்ச் சுவரில் உயிருள்ள பல்லி 80, அது இருக்கும் கூரைக்கு நேர் கீழே நிற்பது 95. ஒரு படியில் பயம் பாதியாகக் குறையும்வரை அங்கிருந்து எழக்கூடாது என்பதே விதி. ரப்பர் பல்லியை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த முதல் நாள், அதன் வாலைத் தொட்ட விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து என் எண் 60-இலிருந்து 25-க்கு இறங்கியிருந்தது. அதை இறக்கியது நான் அங்கேயே உட்கார்ந்திருந்த நேரம்தான். தளர்வுப் பயிற்சி என்னை உட்காரவைக்க உதவியது, அவ்வளவே. தளர்வுப் பயிற்சி இல்லாமலும் படிப்படியாக எதிர்கொள்வது பலன் தருகிறது என்று பின்னாளைய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில், பக்தர்கள் படியேறிக் கைநீட்டித் தொட்டு வணங்கும் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் விதானத்தில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை அந்த வரிசையில் சேராமல் ஒதுங்கி நின்றவள், ரப்பர் பல்லிக்கு அடுத்த படியாக அதையே ஏணியில் சேர்த்துக்கொண்டேன். பலர் தொட்டுத் தொட்டு வழவழப்பாகியிருந்த அந்த உலோகத்தில் என் விரலும் பட்டபோது கண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் சமையலறையில் தேறிய பிறகும், அம்மா வீட்டுக் கிணற்றடியில் ஒரு பல்லியைக் கண்டதும் பயம் பழையபடி எழுந்தது. சிகிச்சை தோற்றுவிட்டது என்று அழுதேன். ஓர் இடத்தில் கற்றதை மனம் எல்லா இடத்துக்கும் தானாக எடுத்துச் செல்வதில்லை என்றும், அதனால் வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு நேரங்களில் பழக வேண்டும் என்றும் உளவியலாளர் சொன்னார். அங்கேயே மூன்று நாள் தங்கிப் பழகினேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்களுக்கு இரத்தத்தையோ ஊசியையோ கண்டாலும் மயக்கம் வரும் என்றால், அதற்குத் தளர்வுப் பயிற்சியைப் பயன்படுத்த வேண்டாம். அந்தப் பயத்தில் மட்டும் இரத்த அழுத்தம் முதலில் ஏறிப் பிறகு சரிந்துவிடும். தசையைத் தளர்த்தினால் மயக்கம் இன்னும் விரைவாக வரலாம். அதற்குத் தசைகளை இறுக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேறொரு முறையை ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் உருவாக்கியிருக்கிறார்.

ஏணியின் மேல்படிகளைத் தனியாக ஏறாமல், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு ஏறுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையென்றால், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.