சட்டைப்பை கேமராவைப் பெரிய நிறுவனங்கள் ஏன் கைவிட்டன?

கேள்வி: ரிக்கோ ஜிஆர் போல, சட்டைப்பையில் அடங்கும் உடம்பில் ஏபிஎஸ்-சி சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் சிப், பெரிய கேமராக்களில் இருக்கும் அளவு) ஜூம் இல்லாத லென்ஸும் வைத்த கேமராவை நிக்கானும் கேனானும் ஏன் விற்பதில்லை? ரிக்கோவை நம்பி வாங்கலாமா?

பதில்: நிக்கான் முயன்று பார்த்தது. 2013ல் ஜிஆருக்கு நேர்ப்போட்டியாகக் கூல்பிக்ஸ் ஏ வந்தது. அதே 28 மி.மீ. அகலக் கோணம், லென்ஸ் துளையின் திறப்பும் அதே எஃப் 2.8. அடுத்த மாடல் வரவே இல்லை. 2016ல் அறிவித்த டிஎல் என்ற காம்பாக்ட்கள் (லென்ஸ் கழற்ற முடியாத சிறிய கேமராக்கள்) மூன்றையும் கடைக்கு வருமுன்பே, 2017ல் கைவிட்டார்கள். செலவு ஏறிவிட்டது, எதிர்பார்த்த விற்பனை குறைந்துவிட்டது என்பது அவர்களே சொன்ன காரணம்.

மிர்ரர்லெஸ் பாடி (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கியவர் பிறகு லென்ஸ், ஃப்ளாஷ் என்று வாங்கிக்கொண்டே இருப்பார்; லாபம் அங்கேதான். லென்ஸ் கழற்ற முடியாத கேமரா ஒரே ஒரு விற்பனையோடு முடிகிறது. அதன் லென்ஸும் ஷட்டரும் அந்த மாடலுக்கென்றே செய்யப்படுபவை, வேறெதற்கும் பயன்படாது. போதாததற்கு, நல்ல காம்பாக்ட் தன் நிறுவனத்தின் ஆரம்பநிலை மிர்ரர்லெஸ் விற்பனையையே தின்றுவிடும். ரிக்கோவிடம் இப்போது மிர்ரர்லெஸ் வரிசையே இல்லை, அதனால் அந்தப் பயமும் இல்லை. ஜிஆர் 3 வந்தது 2019ல், ஜிஆர் 4 வந்தது 2025ல். வருடத்துக்கொரு மாடல் என்று ஓடாததால், போட்ட முதலை நிதானமாக எடுக்க முடிகிறது.

நம்பி வாங்கலாம், தூசியைப் பார்த்துவிட்டு. ஜிஆரின் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே மடங்கும்போது காற்றோடு தூசியையும் இழுக்கும். அது சென்சாரில் ஒட்டினால் லென்ஸைக் கழற்றி ஊத வழியில்லை. சர்வீஸ் சென்டரில் கேமராவையே பிரிக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் ஜிஆர் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் சோதியுங்கள்: எஃப் 16 வைத்து (லென்ஸ் துளையை மிகச் சிறிதாக்கி), ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை இரண்டு முறை எடுங்கள். இடையில் கேமராவைச் சற்று நகர்த்துங்கள். இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான கரும்புள்ளி இருந்தால் அது சென்சார் தூசி. நகர்ந்திருந்தால் சுவரின் அழுக்கு. லென்ஸ் நீளும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, பாதியில் நின்றாலோ வாங்காதீர்கள்.

ஜிஆர் 3 பேட்டரி ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம்தான் தரும். கூடுதலாக ஒன்றைக் கேமராவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.