வண்டியும் வாசகரும்: போல் ஜொயின்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: எங்கள் டபுள் கெப்பில் நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றுகிறோம். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்று அடிக்கிறது. இடப்பக்க டயர் உள்விளிம்பில் மொட்டையாகிவிட்டது. லோவர் போல் ஜொயின்ட் தேய்ந்துவிட்டது என்கிறார் கராஜ் பாஸ். நாமே மாற்றலாமா? முன்பக்கம் லோவர் ஆமின் மேல் கொயில் ஸ்பிரிங். இழுவை பின்சக்கரத்துக்கு மட்டும்.
– வாசகர், இராகலை

பதில்: மாற்றலாம். லோவர் ஆம் என்ற கீழ்க் கையையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் உருண்டை மூட்டுதான் இந்த ஜொயின்ட். முதலில் பழுது அதில்தானா என்று பாருங்கள். உங்கள் வண்டியில் பாரத்தைத் தாங்குவது லோவர் ஜொயின்ட். சேசிஸில் ஜக் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆமைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும், ஆட்டம் வெளியே தெரியாது. லோவர் ஆமின் கீழ் ஜக் வைத்து, டயர் தரையைவிட்டு இரண்டு விரல் உயர்ந்ததும் அலவாங்கை டயருக்கு அடியில் கொடுத்து நெம்புங்கள். ஆமும் நக்கிளும் சேரும் இடத்தை இன்னொருவர் பார்க்கட்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பெயாரிங், நிற்காவிட்டால் ஜொயின்ட்.

வேலைக்குச் சமதரை வேண்டும். நம் பக்கத்தில் அதுதான் கிடைப்பது கஷ்டம், என்றாலும் சரிந்த முற்றத்தில் இதைத் தொடவே வேண்டாம். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜக்கை லோவர் ஆமில், ஸ்பிரிங் இருக்கைக்குக் கீழே வைத்து, முடியும்வரை எடுக்காதீர்கள். அதை எடுத்தால் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆமைக் கீழே அடித்துத் தள்ளும். ஜொயின்ட்டுக்கு நேர் கீழேயும் ஜக் வேண்டாம், பழைய ஜொயின்ட்டைத் தள்ளும் பிரஸ் நுழைய இடமிராது.

சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் கெலிப்பரைக் கழற்றிக் கம்பியால் சேசிஸில் கட்டுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஜொயின்ட் நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டை நான்கைந்து சுற்று தளர்த்தி அப்படியே விடுங்கள். பிறகு நக்கிளில் ஸ்டட் (ஜொயின்ட்டின் ஆணி) நுழையும் குண்டான பகுதியைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஸ்டட்டின் கூம்பான பகுதியாகிய டேப்பர் 'டக்' என்று விட்டுவிடும். நட் இருப்பதால் எதுவும் பறக்காது. ஸ்டட்டின் நுனியில் மட்டும் அடிக்காதீர்கள். பிரிந்தபின் நட்டைக் கழற்றி நக்கிளைக் கம்பியால் தூக்கிக் கட்டுங்கள்.

போல்ட்டால் பூட்டிய ஜொயின்ட் என்றால் மீதி இலகு. ஆமுக்குள் அழுத்திய வகையில் சேர்க்ளிப் என்ற பூட்டு வளையத்தை எடுத்து, சீ வடிவ பிரஸ்ஸால் தள்ள வேண்டும். முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். ஓட்டையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, புதியதை நேராகப் பிடித்து அழுத்துங்கள். சாய்ந்தால் உடனே பின்வாங்கி மறுபடி தொடங்குங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே உள்ள கிண்ணம் அங்கேயே கெட்டுவிடும். விரலால் தள்ளியே உள்ளே போகிறதா? ஓட்டை அகன்றுவிட்டது, லோவர் ஆமையே மாற்றுங்கள்.

ஸ்டட்டின் டேப்பரிலும் அது நுழையும் ஓட்டையிலும் துளி எண்ணெய்கூட இருக்கக்கூடாது. உங்கள் மாடலுக்குரிய டோர்க்கில் (இறுக்கும் அளவில்) நட்டை இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் நுழையும் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். புதிய ஸ்பிளிட் பின்தான் போட வேண்டும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் ரப்பர் பூட் லேசாக உப்பும்வரை மட்டும் பம்ப் பண்ணுங்கள். 50 கிலோமீற்றர் ஓடியபின் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். வீல் எலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் போட்டால் அந்தக் காசும் போய்விடும்.

கேள்வி: புது ஜொயின்ட் பூட்டும்போது நட்டோடு ஸ்டட்டும் சுற்றுகிறது. ஜொயின்ட் பழுதா?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: இல்லை, டேப்பர் இன்னும் கவ்வவில்லை. ஆமின் கீழ் உள்ள ஜக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஸ்டட் ஓட்டைக்குள் இறுகும், பிறகு நட் ஏறும்.

கேள்வி: ஆட்டம் இல்லை, ரப்பர் பூட் மட்டும் கிழிந்திருக்கிறது. பூட்டை மட்டும் மாற்றலாமா?
– வாசகர், நோர்வூட்

பதில்: உள்ளே இருக்கும் கிரீஸில் கொஞ்சம் எடுத்து இரு விரலால் தேயுங்கள். வழவழப்பாக இருந்தால் துடைத்து, புது கிரீஸ் வைத்து, பூட்டை மாற்றுங்கள். மணல்போல் நறநறத்தாலோ பிளேன்டீ நிறத்தில் நீர்த்திருந்தாலோ மழைத்தண்ணீர் உள்ளே போய்விட்டது. அதற்குப் புது பூட் வாங்குவது வீண், ஜொயின்ட்டையே மாற்றுங்கள்.